கொக்கியில் தொங்கிய மட்டிச் சீப்பு

அந்தத் திங்கட்கிழமை காலையில், என் சொந்த ஆபீஸ் வாசலில், உள்ளே போகத் தைரியம் இல்லாமல் கையில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

சொந்த ஆபீஸ் என்றால், உள்ளே கிடந்த பெரிய நாற்காலி என்னுடையது. மேஜை என்னுடையது. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகள் எல்லாம் என் கைப்பட எழுதியவை. ஆறேழு வருஷமாக அந்த மூன்று படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கால் ஏறமாட்டேன் என்றது.

வடசேரி சந்தையில் பழம் வாங்கும்போதே கடைக்காரர் யார் வீட்டுக்கு என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் நல்ல சேலை கட்டிக்கொண்டு ஒரு சீப்பு பழம் வாங்கினால் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. என் ஆபீசுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவர்கள் வீட்டுக்கு என்று முணுமுணுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பழம் நன்றாகப் பழுத்திருந்தது. மடியில் வைத்திருந்த கொஞ்ச நேரத்தில் சேலையெல்லாம் மட்டி வாசனை. பக்கத்து சீட்டில் இருந்த கைக்குழந்தை வழிநெடுக என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தது.

வாசலில் ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பலாப்பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் நேர் வழியில் போகிறவள் இல்லை என்று தெரியும்.

இரண்டு அறைகள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் குடும்ப நல மையம் என்று ஒன்று உண்டு. அங்கே படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள், அவர்கள் வீட்டார் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கை உதவி செய்வதற்காகத் தொடங்கியது. நான் அதன் கண்காணிப்பாளர்.

பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். முன் அறையில் நான். வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு பட்டியல், மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்கள், படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வரும் பெண்களின் விவரம், இரவல் கொடுக்க இரண்டு சக்கர நாற்காலிகள், நான்கு வாக்கர்கள். வாரத்தில் இரண்டு நாள் மனநல ஆலோசகர் ஒருவர் வந்து மூலையில் தடுப்புக்குப் பின்னால் உட்காருவார்.

பின் அறை குழந்தைகளுக்கு. பாய், தொட்டில், கிலுகிலுப்பைகள், ஒரு ஆயா. அந்த அறைக்குத் தினமும் முதலில் வருகிறவள் ஷீபா.

ஷீபா ஆராய்ச்சி மாணவி. நெய்யூர்ப் பக்கத்திலிருந்து வருவாள். மரப்பொந்துகளிலும் சுவர் இடுக்குகளிலும் கூடு வைக்கும் சிறுதேனீயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கணவர் மஸ்கட்டில். அம்மா இல்லை. மாமியாருக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆள் தேவை. மகள் ஜெனிக்கு அப்போது எட்டு மாதம். ஜெனியைப் பாயில் விட்டுவிட்டுத்தான் அவள் தேனீக்களிடம் போவாள்.

பின் அறை இல்லாவிட்டால் படிப்பை அந்த வாரமே நிறுத்திவிட வேண்டியதுதான் என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். அழவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள். அதனால் எனக்கு அது மறக்கவே இல்லை.

இது ஆபீஸா, சந்தையா?

மையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தொல்லை. வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை.

கையெழுத்து ஒன்று வேண்டுமென்றால் ஒரு சீப்பு மட்டி. ஆஸ்பத்திரிச் செலவு விண்ணப்பம் என்றால் செந்துளுவன் வாழைப்பழம். மேற்கே குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள் ஏத்தன் குலையைத் தோளில் சுமந்து வருவார்கள். கடற்கரையிலிருந்து வந்த ஒருவர் காகிதத்தில் நெத்திலிக் கருவாட்டைக் கட்டிக்கொண்டு வந்து, யாரும் பார்க்காதபோது என் மேஜையின் கீழ் இழுப்பறைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் நான் எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரியை எல்லாம் நகர்த்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் பூனை வந்து கண்டுபிடித்துக் கொடுத்தது.

ஊழியர்கள் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. நான் விதி என்றால் விதி என்கிறவள். வேண்டாம் என்பேன். அவர்கள் சரி என்பார்கள். போன பிறகு பார்த்தால் ஜன்னல் கம்பியில் பழம் தொங்கும்.

அப்படி ஏழு சீப்பு தொங்கிய ஒரு நாளில் பதிவாளர் பார்வையிட வந்தார். வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இது ஆபீஸா, வடசேரி சந்தையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டிலும் வெளியிலும் தெரிந்த விஷயம். அன்று மத்தியானமே சிவப்பு மையில் ஓர் அறிவிப்பு எழுதினேன். ‘இங்கு வருவோர் எப்பொருளும் கொண்டு வரக் கூடாது. மீறினால் விண்ணப்பம் பெறப்படமாட்டாது.’ மழைக்கு நனையாமல் லேமினேஷன் வேறு செய்து வாசல் நிலையில் ஒட்டினேன். கைத்தட்டல் ஒன்றுதான் பாக்கி.

பலாப்பழம்

அந்தக் கோபத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு.

எனக்கு வேலை கிடைத்த புதிதில், நன்றி சொல்ல வேண்டும் என்று அப்பா என்னை அதிகாரி ஒருவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலை பரீட்சை எழுதிக் கிடைத்தது. அந்த அதிகாரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பாவிடம் சொன்னால் கேட்க வேண்டுமே. அத்தை வீட்டு மரத்துப் பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டி, அஞ்சுகிராமத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றினார். கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் போட்டார். அப்பா அந்த டிக்கெட்டைப் பெருமையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்த அம்மாள் சாக்கைப் பார்த்ததும் இது என்ன, லஞ்சமா என்று கேட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, நாங்கள் தேடி வந்த அதிகாரி மாற்றலாகிப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் புதிதாக வந்தவருடைய மனைவி.

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. அப்படியானால் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லி, முன்பின் தெரியாத எதிர்வீட்டில் பலாப்பழத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த சாயாவையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன்.

எவரும் எவர் வாசலிலும் பழத்தோடு அப்படி நிற்கக் கூடாது என்று அன்று நினைத்தேன். ஆகவே அந்தச் சிவப்பு அறிவிப்பை எழுதியபோது நான் உத்தியோகக் கண்டிப்பை மட்டும் காட்டவில்லை. எல்லோருக்கும் பெரிய நன்மை செய்துவிட்டதாகவும் நம்பினேன்.

காலி நாற்காலிகள்

முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. ஜன்னல் கம்பி ஜன்னல் கம்பியாக இருந்தது. இரண்டாம் வாரம் கூட்டம் குறைந்தது. மாதம் ஒன்று ஆனபோது வாசலில் போட்டிருந்த பெஞ்சில் பூனை மட்டும் படுத்திருந்தது.

பரீட்சைக் காலம், அதனால் வரவில்லை என்றேன். பிறகு மழை என்றேன். அதற்கும் பிறகு, எல்லோருடைய கஷ்டமும் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் சுயம்பு அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நாற்பது வருஷமாக ஆட்களை அளந்து பார்க்கிறவர்.

“ஏட்டி, கஷ்டம் எங்கயாவது தீருமா? ஒனக்க மூஞ்சியப் பாத்துப் பயந்துட்டானுவ,” என்றார்.

அன்று அவருக்குச் சாப்பாட்டில் ரசம் மட்டும்தான்.

பதிவாளரிடமிருந்து கடிதம் வந்தது. பருவம் முடியும்போது வருகைப் பதிவேட்டைப் பார்ப்பாராம். இப்படியே காலியாக இருந்தால் மையத்தை மூடிவிட்டு, இரண்டு அறைகளையும் விடைத்தாள் கட்டுகள் வைக்கத் தேர்வுப் பிரிவுக்குக் கொடுத்துவிடுவாராம். நான் கடிதத்தை மடித்து வைப்பதற்குள் பின் அறை ஆயா விஷயத்தை ஷீபாவிடம் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷீபா என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள்.

“எப்பம் மேடம் மூடுவாங்க? சொன்னியன்னா, கூடெல்லாம் ஆருகிட்டயாவது ஒப்படைக்கணும்.”

கூடு என்று அவள் சொன்னது தேனீப் பெட்டிகளை. ஜெனி என் பேனாவை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

செல்லத்தாய் சொன்னது

அந்த வாரம் வடசேரி பஸ் நிலையத்தில் செல்லத்தாயைப் பார்த்தேன். விடுதிச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள். முன்பெல்லாம் மாதம் ஒரு தரமாவது மையத்துக்கு வருவாள். அவள் மாமனார் விழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறார் என்றும், ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது என்றும் பேச்சுவாக்கில் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சக்கர நாற்காலி இரண்டும் அங்கே தூசி படிந்து கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போவதற்கு என்ன என்று பஸ் நிலையம் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன்.

செல்லத்தாய் தன் கூடையைக் கீழே வைத்தாள்.

“கைய வீசிட்டு எப்பிடிம்மா வாறது? எனக்க வீட்டுல இன்னது இல்லன்னு பேப்பருல எழுதித் தாறோம். அதுக்கு மேல வெறுங்கையும் வச்சிட்டு நிக்கணுமா?”

அவளுடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் அந்தப் பலாப்பழத்தால் அவருக்கு அவமானம் நேர்ந்தது என்றே நினைத்திருந்தேன். பழம் கையில் இருந்ததால்தான் அவர் அந்த வாசலில் தலை நிமிர்ந்து நின்றார். எதிர்வீட்டு சாயாவை உரிமையோடு குடித்தார். அவமானப்பட்டது நான் மட்டும்தான். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அதில் எனக்கு நல்ல பழக்கம் இல்லாததால் கொஞ்சம் திணறினேன்.

மூன்று வரி

மறுநாள் சுயம்பு கடையில் வாழைக்குலை மாட்டும் இரும்புக் கொக்கிகளில் ஒன்று காணாமல் போனது. அடுத்த நாள் அவரே ஸ்பேனரோடு வந்து அதை மையத்தின் வராந்தா உத்திரத்தில் முடுக்கிக் கொடுத்தார். முடுக்கும்போது என் மூஞ்சியைப் பற்றி இன்னொரு தரம் சொன்னார். காரியம் ஆக வேண்டியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

சிவப்பு அறிவிப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மூன்று வரி எழுதினேன்.

‘கொண்டு வருவதை இந்தக் கொக்கியில் மாட்டவும்.
பசிக்கிறவர்கள் பிய்த்துச் சாப்பிடவும்.
ஆபீஸ்காரர்கள் தொடக் கூடாது.’

செல்லத்தாய்க்கு ஆள் விட்டுச் சொன்னேன். பேயன் பழம் ஒரு சீப்போடு வந்தாள். கொக்கியில் மாட்டினாள். மூன்றாவது வரியை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் நடையே வேறாக இருந்தது.

அதற்குப் பிறகு கொக்கி காலியாக இருந்த நாள் குறைவு. பழம் மாட்ட வந்தவர்கள் உள்ளே வந்து விண்ணப்பம் கேட்டார்கள். பழம் தின்ன வந்தவர்களும் உள்ளே வந்தார்கள். விடுதிப் பெண் ஒருத்தி நான்கு நாள் வராந்தாவிலேயே நின்று பாளையங்கோட்டான் தின்றுவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் தோலைத் தொட்டியில் போட்டுவிட்டு நேராகத் தடுப்புக்குப் பின்னால் போய் ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, போகும்போது இன்னொரு பழம் பிய்த்துக்கொண்டாள்.

கருவாட்டுக்காரரும் வந்தார். கருவாட்டையும் கொக்கியில்தான் மாட்டினார். அறிவிப்பில் நான் பழம் என்று எழுதவில்லையே. பூனை அன்று முழுவதும் கொக்கிக்கு அடியிலேயே தவம் கிடந்தது.

ஜெனிக்கு ஷீபா தினமும் ஒரு மட்டியை மசித்து ஊட்டுவாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் பழம் அதுதான். ஜெனி வாயெல்லாம் பூசிக்கொண்டு என் மேஜையைப் பிடித்து நிற்கப் பழகியது.

நான் மட்டும் ஒரு பழம்கூடத் தொடவில்லை. மத்தியானப் பசியில் அந்த வாசனைக்கு நடுவே உட்கார்ந்து மோர்ச்சோறு தின்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் மூன்றாவது வரியை எழுதியது நான் ஆயிற்றே.

பெஞ்சில் உட்கார்ந்தேன்

பருவம் முடிகிற சமயத்தில் சுயம்பு கடையில் ஸ்டூலில் இருந்து சறுக்கி விழுந்தார். நெய்யூரில் முழங்காலில் ஆபரேஷன். நான் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்குப் போனால் ஒரு மாதம் வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும், பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும் என்றார்கள்.

வாக்கர் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். சுயம்பு கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்தார்.

“ஊருக்கெல்லாம் நீ எடுத்துக் குடுக்க. எனக்கு மட்டும் இல்லியா?”

எனக்கு வேறொன்றும் இல்லை. கேட்கக் கூச்சம். அடுத்தவர் விண்ணப்பத்தை வாங்கி வாங்கிப் பழகிய கை, தன் பெயரை எழுதித் தர மறுத்தது. அந்தத் திங்கட்கிழமை பதிவேட்டைப் பார்க்கப் பதிவாளர் வரும் நாள் என்பதால் எப்படியும் ஆபீசுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வடசேரியில் பஸ் மாறும்போது, யோசிக்காமலே என் கால் சந்தைக்குள் போய்விட்டது. கையில் பழம் வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

அப்படித்தான் வாசலில் நின்றேன். பிறகு கொக்கியில் சீப்பை மாட்டினேன். மாட்டியதும் கால் தானாகப் படி ஏறியது.

நான் லீவில் இருந்த வாரம் காலை நேரங்களில் ஷீபாதான் பதிவேடு எழுதியிருந்தாள். நான் பெரிய நாற்காலிக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்து முதலில் திகைத்தாள். பிறகு புரிந்துகொண்டு, எல்லோரிடமும் கேட்பது மாதிரியே பெயரையும் தேவையையும் கேட்டு எழுதினாள். பகவதி, கண்காணிப்பாளர். கணவருக்கு வாக்கர் ஒன்று, பகலில் உதவிக்கு ஆள்.

பதிவாளர் பதினோரு மணிக்கு வந்தார். பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் தோட்டக்காரர் ஒருவர், வலப்பக்கம் விரிவுரையாளர் ஒருவருடைய அம்மா. நீங்கள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“இன்னைக்கு நானும் வரிசையிலதான் சார் இருக்கேன்,” என்றேன்.

அவர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசி வரியில் என் பெயரில் விரலை வைத்தார். பிறகு பின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த அறை இல்லை என்றால் என்ன செய்வாய் என்று ஷீபாவைக் கேட்டார்.

“வீட்டுக்குப் போயிருவேன் சார். தேனீ எனக்கு வேண்டி காத்திருக்காது.”

அவர் பதிவேட்டில் பச்சை மையில் ‘தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விடைத்தாள் கட்டுகளுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வராந்தாவில் என் மட்டிச் சீப்பு வரை அவர் கை போனது. மூன்றாவது வரியைப் படித்தார். கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு காருக்குப் போனார்.

ஷீபா ஜெனியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் அதே நிலைமைதான். அவள் கொக்கியிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, பாதி உரித்து என் முன்னால் நீட்டினாள். நான் வழக்கம் போல அறிவிப்பைக் காட்டினேன்.

“இன்னைக்கு நீங்க ஆபீஸ் இல்ல மேடம். வந்தவிய. தின்னுங்க.”

வாங்கித் தின்றேன். மட்டி நான் சின்ன வயதிலிருந்து தின்கிற பழம்தான். அன்றைக்கு மட்டும் தோலில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை. ஜெனி என் வாயையே பார்த்துக்கொண்டு கையை நீட்டியது. அதற்குக் கொஞ்சம் கொடுத்தேன்.

இரண்டாவது பழத்தை நானே பிய்த்துக்கொண்டேன்.